இரண்டாம் சுயம்வரம்

கதை எழுதுகிறவர்களுக்கும் படம் எடுக்கிறவர்களுக்கும் இப்போது ஒரு புதிய வரப்பிரசாதம் கிடைத்திருக்கிறது. கதாநாயகன் முதல் அத்தியாயத்தில் தன் வாழ்க்கையைத் தாராளமாகக் கெடுத்துக்கொள்ளுகிறான். கட்டியவளை அழவைக்கிறான்; அல்லது காத்திருந்தவளைக் கைவிடுகிறான். பிறகு லாரியில் அடிபடுகிறான், அல்லது மொட்டை மாடியில் நின்று வானத்தைப் பார்த்துக் கதறுகிறான். இரண்டாம் அத்தியாயத்தில் கண் விழித்தால் சுவரில் தொங்கும் காலண்டர் பத்து வருஷம் பின்னால் போயிருக்கிறது! அதே கல்லூரி, அதே பஸ் நிறுத்தம், அதே பெண். அவளுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. இவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. இனி முப்பது வாரம் அவர்கள் மெல்ல மெல்லக் காதலிப்பார்கள். நாம் மெல்ல மெல்லக் கண்ணீர் விட வேண்டும்.

நான் கண்ணீர் விட மறுக்கிறேன். ஏன் மறுக்கிறேன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். காலத்தைப் பின்னுக்குத் தள்ளும் கற்பனையோடு எனக்குச் சண்டை இல்லை. 2021-இல் வந்த 'மாநாடு' படத்தில் ஒருவன் ஒரே நாளை மறுபடி மறுபடி வாழுகிறான். ஒரு கொலையையும் அதைச் சாக்காக வைத்து நடக்க இருக்கும் கலவரத்தையும் தடுப்பதற்காக. 2022-இல் வந்த 'கணம்' படத்தில் ஒரு பிள்ளை செத்துப்போன தாயைப் பார்க்கப் பின்னோக்கிப் போகிறான். முன்னறிவை வைத்துக்கொண்டு ஓர் உயிரைக் காப்பாற்றப் போகிறவனை யார் குறை சொல்லுவார்கள்? அந்த முன்னறிவை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் மனத்தை ஜெயிக்கப் போகிறானே, அவனோடுதான் என் வழக்கு.

இந்தக் கதைகளுக்கு விளம்பரம் எழுதுகிறவர்கள் தவறாமல் 'மெல்லக் கனியும் காதல்' என்று ஒரு வாசகத்தைப் போடுகிறார்கள். மெல்ல எரிவது என்றால் என்ன என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. களம்பூரில் ஒரு பக்கம் பட்டுத் தறி, ஒரு பக்கம் அரிசி ஆலை. ஆலை இருக்கும் இடத்தில் உமி இருக்கும். உமி இருக்கும் இடத்தில் உமித்தீ இருக்கும். உமிக் குவியலில் ஓரத்தில் ஒரு கங்கு விழுந்தால் சுடர் வராது. புகைகூடச் சரியாகத் தெரியாது. மேலே பார்த்தால் பொன் நிறமாக, சாதுவாகக் கிடக்கும். ராத்திரி முழுக்க உள்ளுக்குள்ளேயே காந்திக்கொண்டிருந்து, விடியற்காலையில் தெரியாமல் கால் வைத்தவனைச் சுட்டுவிடும். அந்தக் குவியலுக்கே தான் எரிகிறோம் என்று தெரியாது என்று சொல்லத் தோன்றும். அதுதான் மெல்ல எரிவது. பட்டாசுத் திரியைக் கொஞ்சம் நீளமாக வைத்துவிட்டு, 'பார், எத்தனை நிதானமாக எரிகிறது!' என்று சொல்லுவது அல்ல.

காதல் கதையில் நிதானம் எங்கிருந்து வருகிறது? இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாததிலிருந்து வருகிறது. அவன் மனம் அவளுக்குத் தெரியாது. அவள் மனம் அவனுக்குத் தெரியாது. அதைவிட முக்கியம், தன் மனமே தனக்குத் தெரியாது. தி. ஜானகிராமனின் 'மோகமுள்'ளில் பாபு யமுனாவுக்காக எத்தனை வருஷம் காத்திருக்கிறான்! அவள் அவனைவிடப் பத்து வயது மூத்தவள். அந்தக் காத்திருப்பில் அவனுக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. யமுனா கடைசிவரை மறுத்திருந்தாலும் அந்த நாவல் நாவலாகத்தான் இருந்திருக்கும். மறுக்கப்படக்கூடிய காத்திருப்பு என்பதால்தான் நாமும் பாபுவோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறோம்.

இரண்டாம் வாய்ப்பு என்ற விஷயத்தையே எடுத்துக்கொள்ளுவோம். இங்கிலாந்தில் ஜேன் ஆஸ்டின் என்ற அம்மாள் இருநூறு வருஷத்துக்கு முன்பு 'பெர்சுவேஷன்' என்று ஒரு நாவல் எழுதினாள். அவள் காலமான பிறகு, 1817-ஆம் வருஷக் கடைசியில் அது வெளிவந்தது. ஆன் எலியட் பத்தொன்பது வயதில் பெரியவர்கள் பேச்சைக் கேட்டு, கையில் காசில்லாத ஒரு கடற்படை வாலிபனை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறாள். எட்டு வருஷம் கழித்து அவன் பணமும் பெயருமாகத் திரும்பி வருகிறான். காலண்டர் ஒரு நாள்கூடப் பின்னால் போகவில்லை. இவளுக்கு வயது இருபத்தேழு, அழகு வாடிவிட்டது. அவன் கோபம் மட்டும் வாடவில்லை. ஒரே அறையில் உட்கார்ந்து, ஒருவரோடொருவர் பேசாமல், அடுத்தவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இரண்டு பேரும் காந்துகிறார்கள். போன எட்டு வருஷம் அவன் நெஞ்சிலும் இருக்கிறது, இவள் நெஞ்சிலும் இருக்கிறது. இரண்டாம் வாய்ப்புக்கு வேண்டிய மூலதனமே அதுதான்.

நம்முடைய இன்றைய கதாநாயகனுக்கு இருக்கும் மூலதனம் வேறு. அவன் கையில் பரீட்சைக் கேள்வித்தாள் முன்கூட்டியே கிடைத்துவிட்டது. அவளுக்குக் கனகாம்பரம் பிடிக்காது, மல்லிகைதான் பிடிக்கும் என்று தெரியும். எந்தப் படத்தில் எந்த இடத்தில் அழுவாள் என்று தெரியும். அவள் அப்பாவுக்கு எந்தத் தேதியில் மாரடைப்பு வரும் என்று தெரியும். அன்றைக்கு வாடகைக் காரோடு வாசலில் நிற்கிறான். பாவம், அந்தப் பெண், 'என் மனத்தில் இருப்பது எல்லாம் இவனுக்கு எப்படித் தெரிகிறது!' என்று வியந்து, அதற்குக் காதல் என்று பெயர் வைக்கிறாள். ஐயா, கேள்வித்தாளைத் திருடிப் படித்துவிட்டு வந்து முதல் வகுப்பில் தேறுகிறவனைக் கெட்டிக்காரன் என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லுகிறார்கள்? அந்த மதிப்பெண்ணுக்காக அவள் தன் ஆயுளையல்லவா எழுதித் தருகிறாள்?

இதற்கு ஒரு பதில் சொல்லுகிறார்கள். 'அவன் உண்மையைச் சொல்ல முடியாமல் தவிக்கிறானே, அந்தத் தவிப்பில்தானே சுவை!' என்கிறார்கள். ஒருவருக்கு ஞாபகம் இருந்து மற்றவருக்கு இல்லாமல் போவது கதைக்கு ஊறு அல்ல, ஒப்புக்கொள்ளுகிறேன். காளிதாசன் செய்தது அதைத்தான். மகாபாரதத்தில் உள்ள சகுந்தலை கதையில் துருவாசர் சாபமும் கிடையாது, மோதிரமும் கிடையாது. துஷ்யந்தன் தெரிந்தே தெரியாது என்கிறான். காளிதாசன்தான் மறதியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தான். ஆனால் அவன் யாரை மறக்க வைத்தான் என்று பாருங்கள். ராஜா மறந்துவிடுகிறான், வயிற்றில் பிள்ளையோடு சபையில் நிற்கிற பெண்ணுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஞாபகம் யாரிடம் இருக்கிறதோ அவளிடம் பலம் இல்லை. பலம் யாரிடம் இருக்கிறதோ அவனிடம் ஞாபகம் இல்லை. அந்த ஏற்றத்தாழ்வில்தான் நம் நெஞ்சு அடைக்கிறது. இன்றைய கதைகளில் பலமும் ஞாபகமும் ஒரே பக்கம் குவிந்துவிடுகின்றன. அப்புறம் அவன் தவிப்பது எதற்காக? பந்தியில் இரண்டு இலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தவனின் தவிப்புக்கு நான் உருக வேண்டுமா?

இன்னொரு பெரிய விஷயம், வரப்போவதை முன்னாலேயே கோடிகாட்டுவது. தொடர்கதைக்காரனுக்கு இது உயிர். இதையும் இந்தக் கதைகள் கெடுத்துக்கொண்டிருக்கின்றன.

சென்ற ஆண்டு ஒரு பத்திரிகையிலிருந்து ஓர் இளைஞர் தொலைபேசியில் கூப்பிட்டார். பத்திரிகையின் பெயர் வேண்டாம். "சார், எங்களுக்கு ஒரு இரண்டாம் வாய்ப்புக் கதை வேணும். முதல் அத்தியாயத்துல ஹீரோ செத்துடணும். அத்தியாயத்துக்கு இரண்டு 'க்ளூ' வைச்சுடுங்க, சார். வாசகர்கள் கண்டுபிடிச்சு எழுதிப் போடுவாங்க" என்றார். மளிகைக்கடைச் சிட்டையில் உளுந்து இரண்டு கிலோ என்று எழுதுவதுபோலத்தான் சொன்னார். நான் அவரைக் குற்றம் சொல்லவில்லை. அவருக்கு மேலே ஒருவர் அவரிடம் கேட்டிருப்பார். ஆனால் எனக்கு விளங்காதது இதுதான்: கதாநாயகன் ஒரு தடவை முழு வாழ்க்கையையும் வாழ்ந்து, அதை நமக்கும் சொல்லிவிட்ட பிறகு, கோடிகாட்டுவதற்கு மிச்சம் என்ன இருக்கிறது? 'போன தடவை இந்த இடத்தில்தான் காப்பி கொட்டியது. இந்தத் தடவை கொட்டவில்லை.' இதற்குப் பெயர் முன்னுணர்த்தலா? இது சரிபார்ப்புப் பட்டியல். தாசில்தார் ஆபீஸ் குமாஸ்தா பேரேட்டில் டிக் போடுவதைப்போல வாசகன் ஒவ்வொரு சம்பவத்துக்கும் டிக் போட்டுக்கொண்டு போகிறான்.

உண்மையான முன்னுணர்த்தல் வரும்போது சாதாரண உடையில் வரும். நளன் கதையைக் கேளுங்கள். புகழேந்திப் புலவரின் நளவெண்பா நம் வீடுகளில் ஒரு காலத்தில் திண்ணையில் உட்கார்ந்து படிக்கப்பட்ட நூல். தமயந்தியின் சுயம்வரத்துக்கு இந்திரன், அக்கினி, யமன், வருணன் நான்கு பேரும் நளனைப்போலவே உருவெடுத்து வந்து உட்காருகிறார்கள். அவள் உண்மை நளனைக் கண்டுபிடித்து மாலையிடுகிறாள். தோற்ற தேவர்கள் பெருந்தன்மையோடு மாப்பிள்ளைக்கு வரம் தருகிறார்கள். நினைத்த இடத்தில் நெருப்பு வரும், நினைத்த இடத்தில் தண்ணீர் வரும், அவன் கைபட்ட சமையல் அமுதமாக இருக்கும். கல்யாண வீட்டில் மொய் எழுதுவதுபோல இது ஒரு பக்கம் நடக்கிறது. ராஜாவுக்குச் சமையல் வரம் எதற்கு என்று சிரித்துவிட்டு மேலே போய்விடுகிறோம். பல வருஷம் கழித்து, உருவம் மாறி, கறுத்துக் குறுகி, அயோத்தி ராஜாவின் தேரோட்டியாகவும் சமையற்காரனாகவும் ஒருவன் விதர்ப்ப நாட்டுக்கு வருகிறான். அவன் அடுப்பில் நெருப்பு தானாக மூளுகிறது, பானையில் தண்ணீர் தானாக நிறைகிறது என்று தோழி வந்து சொல்லுகிறாள். அவன் சமைத்ததை வரவழைத்து ஒரு வாய் வைத்துப் பார்க்கிறாள் தமயந்தி. கல்யாணத்தன்று வேடிக்கையாகத் தோன்றிய சீதனம் கணவனை அடையாளம் காட்டும் சாட்சியாக மாறுகிறது! எந்த அத்தியாயத்திலும் யாரும் அதைச் சுட்டிக்காட்டிக் கண்ணைச் சிமிட்டவில்லை.

கல்கி 'பொன்னியின் செல்வ'னில் செய்ததும் ஒரு பெரிய காரியம். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் அந்தக் கதை வந்தது. ஆதித்த கரிகாலன் கொலையுண்டான் என்பது சரித்திரம். உடையார்குடிக் கல்வெட்டு கொலைகாரர்களின் பெயரையே சொல்லுகிறது. முடிவு தெரிந்த கதை! அப்படியிருந்தும் வால் நட்சத்திரத்தை வானத்தில் தொங்கவிட்டு, ஊரார் அத்தனை பேரும் படுக்கையில் கிடக்கும் சுந்தர சோழரையே பார்த்துக்கொண்டு நிற்கும்படி செய்கிறார். இடி விழுவது கடம்பூர் மாளிகையில். (கடம்பூர், களம்பூர் அல்ல. ஆனால் சம்புவரையர்கள் பிற்காலத்தில் எங்கள் பக்கத்துப் படைவீட்டிலிருந்து ஆண்டவர்கள் என்பதால் எங்களுக்கு அந்த மாளிகையின் மேல் ஒரு சொந்தம் உண்டு.) தெரிந்த முடிவையும் தெரியாததுபோல நெஞ்சு படபடக்கக் காத்திருக்க வைப்பது எழுத்தாளன் வேலை. தெரிந்ததைத் தெரிந்தபடியே திரும்ப நடத்திக்காட்டிவிட்டுச் 'சபாஷ்' எதிர்பார்ப்பது எந்த வேலையோ எனக்குத் தெரியாது.

பட்டுத் தறியைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் இன்னும் எளிதாக விளங்கும். ஆரணிச் சேலையின் பூவும் கொடியும் ஜக்கார்டு அட்டையில் முன்கூட்டியே ஓட்டை ஓட்டையாகக் குத்தி வைத்திருக்கின்றன. அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தால் ஓட்டைதான் தெரியும், மயில் தெரியாது. நாடா ஆயிரம் தடவை போய்வந்த பிறகுதான் மயில் கழுத்தைத் தூக்குகிறது. அது போகட்டும். தப்பு நேர்ந்தால் என்ன செய்கிறார்கள் என்பதுதான் நமக்கு வேண்டியது. நான்கு விரற்கடை நெய்த பிறகு ஓர் ஊடை தப்பியிருப்பது தெரிந்தால், நெசவாளி காலத்தைப் பின்னால் திருப்புகிறான், மெய்யாகவே! அட்டையை ஒன்று ஒன்றாகப் பின்னுக்குத் தள்ளி, ஒவ்வோர் ஊடையாக உருவி, தப்பு நடந்த இடத்துக்குப் போய், அங்கிருந்து மறுபடி நெய்கிறான். ஆனால் பாவு அதே பாவுதான். உருவிய இடத்தில் பட்டு இழை கொஞ்சம் பஞ்சு தட்டியிருக்கும். ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் சுற்றிய மெல்லிய வெள்ளித் தகடு; ஒரு தடவை இழுத்து உருவினால் அந்தச் சுற்று குலைந்துபோகும். கடைக்கு வருகிறவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். நெய்தவனுக்குத் தெரியும்; கூலி கொடுக்கிற முதலாளி கட்டை விரலால் தடவியே கண்டுபிடிப்பார். பிரித்து நெய்த இடம் பிரித்து நெய்த இடந்தான். இந்தக் கதைக்காரர்களோ ஒவ்வொரு தடவையும் புதுப் பாவு பூட்டிக்கொள்ளுகிறார்கள்.

அமெரிக்காவில் கென் கிரிம்வுட் என்பவர் 1986-இல் 'ரீப்ளே' என்று ஒரு நாவல் எழுதினார். இந்த ரகக் கதைகளுக்கெல்லாம் மூத்த அண்ணன் என்று அதைச் சொல்லலாம். நாற்பத்து மூன்று வயதில், 1988-இல், மாரடைப்பால் சாகிறான் ஒருவன். 1963-இல் பதினெட்டு வயதுக் கல்லூரி மாணவனாக விழிக்கிறான். குதிரைப் பந்தய முடிவுகள் ஞாபகம் இருப்பதால் பணத்தைக் குவிக்கிறான். இதுவரை நம் ஊர்க் கதைதான். ஆனால் அந்த இரண்டாம் வாழ்க்கையில் அவனுக்கு ஒரு பெண் குழந்தை பிறக்கிறது. அவன் மறுபடி சாகிறான். மறுபடி பின்னால் போய் விழிக்கிறான். குழந்தை இல்லை. செத்துப்போகவில்லை, பிறக்கவே இல்லை! அவளை ஞாபகம் வைத்திருக்கிறவன் உலகத்திலேயே அவன் ஒருவன்தான். அழுவதற்குக்கூடத் துணை கிடையாது. பிறகு அவனைப்போலவே திரும்பத் திரும்ப வாழும் ஒரு பெண்ணை அவன் சந்திக்கிறான். அப்போதுதான் அந்த நாவலில் காதல் என்று சொல்லத்தக்கது ஆரம்பிக்கிறது. இரண்டு பேருக்கும் எல்லாம் ஞாபகம் இருக்கிறது அல்லவா! இரண்டாம் வாய்ப்புக்கு விலை உண்டு என்று தெரிந்தவர் எழுதிய கதை அது.

நம்மவர்கள் எழுதும் கதையில் முதல் வாழ்க்கையில் பிறந்த குழந்தை எங்கே என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் நம்மை ரஸனை இல்லாதவர்கள் என்கிறார்கள்.

2020-இல் காதலர் தினத்தன்று வந்த 'ஓ மை கடவுளே' என்ற படத்தைப் பார்த்தவர்கள் இங்கே என்னோடு சண்டைக்கு வருவார்கள். வரட்டும். இந்த ரகத்தில் தமிழில் வந்தவற்றில் கவனித்துப் பேசத்தக்கது அதுதான். பால்ய சிநேகிதி அனு, 'என்னைக் கல்யாணம் செய்துகொள்ளுகிறாயா?' என்று அவளே கேட்கிறாள். அர்ஜுன் சரி என்கிறான். பிறகு குடும்ப நீதிமன்றம். கடவுளே வந்து அவனுக்கு ஒரு சீட்டுக் கொடுக்கிறார். வேறு மாதிரி முடிவெடுத்திருந்தால் எப்படியிருக்கும் என்று போய்ப் பார்த்து வா என்கிறார். அந்தப் படத்தில் எனக்குப் பிடித்த இடம் காதல் இடம் அல்ல. கழிப்பறைப் பீங்கான் செய்யும் மாமனாரின் தொழிலை முதல் வாழ்க்கையில் அருவருப்போடு பார்த்தவன், இரண்டாவதில் அந்த மனிதர் ஏன் அதை உயிராக மதிக்கிறார் என்று தெரிந்துகொள்ளுகிறான். அவருடைய மாப்பிள்ளையாக இருந்தபோது கேட்காத கதையை யாரோ ஓர் அந்நியனாக இருந்து கேட்கிறான். அங்கே முன்னறிவு அவனுக்கு உதவவில்லை. அவன் அறியாமைதான் வெட்டவெளிச்சமாகிறது. படம் எடுத்தவருக்கு அந்த ஓர் இடத்துக்காக நான் கைகொடுப்பேன்.

ஆனால் சீட்டு யார் கையில் கொடுக்கப்பட்டது? அர்ஜுன் கையில். கல்யாணத்தில் அழுதவள் அனு. முதலில் வாய் திறந்து கேட்டவளும் அனு. திரும்பிப் போய்ப் பார்க்கும் உரிமை மட்டும் அவனுக்கு. கடவுளுக்கு ஒரு சீட்டோடு அச்சடிக்கக் காகிதம் தீர்ந்துவிட்டதா? 'நான் அவனைக் கேட்காமலே இருந்திருந்தால் என் வாழ்க்கை எப்படியிருக்கும்?' என்று அவளும் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தால் அல்லவா வழக்கு வழக்காக இருந்திருக்கும்? 2024-இல் வந்த 'மேரி மை ஹஸ்பண்ட்' என்ற கொரியத் தொடரில் துரோகம் செய்யப்பட்ட மனைவியையே பின்னோக்கி அனுப்பியிருக்கிறார்கள். அவள் பழி வாங்குகிறாள். பழி வாங்குவது எனக்கு அவ்வளவாகப் பிடித்த விஷயம் இல்லை. ஆனாலும் சீட்டு சரியான கைக்குப் போயிருக்கிறது.

இதையெல்லாம் வெறும் கதைதானே என்று விட்டுவிடலாமே என்று நினைப்பீர்கள். நானும் விட்டிருப்பேன், கதையோடு நின்றிருந்தால்.

எங்கள் தெருவில் தறி நெய்யும் வீட்டுப் பெண்கள் கைப்பேசியில் இந்தத் தொடர்களை ஒலிபரப்பாகக் கேட்டுக்கொண்டே வேலை செய்கிறார்கள். பக்கத்து வீட்டில் ஓர் அம்மாள். அவளுடைய மகள் குடித்துவிட்டு அடித்த புருஷனை விட்டு வந்து எட்டு மாதமாகத் தாய் வீட்டில் இருந்தாள். பெரியவர்கள் நான்கு பேர் கூடிப் பேசினார்கள். பையன் அழுதான். நன்றாகவே அழுதான். 'திருந்திட்டான்மா, இன்னொரு சான்ஸ் குடு' என்றார்கள். அந்த அம்மாள் மறுநாள் என்னைப் பார்த்தபோது, "எல்லாரும் அவன் மூஞ்சியையே பாத்துக்கினு இருந்தாங்கண்ணா. எம் பொண்ணாண்ட ஒரு வார்த்தை யாராச்சும் கேட்டாங்களா?" என்றாள். விமரிசகர்கள் பல பக்கம் எழுதிச் சொல்ல வேண்டியதை அவள் நின்ற நிலையில் சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த நான்கு பேரும் கெட்டவர்கள் அல்லர். ஒருவன் மனம் வருந்திவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று அவர்கள் மனமார நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை அவர்களுக்கு ஊட்டியவர்களில் நம் கதைகளும் உண்டு. கதாநாயகன் கண்ணீர் விட்டதும் காலண்டரே பின்னால் போய் அவன் செய்த குற்றத்தை நடக்காததாக்கிவிடும்போது, அடிபட்ட கன்னத்தைப் பற்றி யார் பேசப்போகிறார்கள்? அடியே விழவில்லையே! அந்தப் பெண் கன்னத்தைத் தடவிக்கொண்டு, 'எனக்கு வலித்ததே' என்றால், 'அது வேறு கால ஓட்டம், அம்மா!' என்று சொல்லுவார்கள் போலிருக்கிறது.

சட்டம் நம் கதைகளைவிட மேல். இந்துத் திருமணச் சட்டம் 1955-இல் வந்தது; இருவரும் மனமொத்துப் பிரிவதற்கான 13-பி பிரிவு 1976-இல் சேர்க்கப்பட்டது. மனுக் கொடுத்தவுடன் பிரித்துவிடமாட்டார்கள். ஆறு மாதம் பொறுக்க வேண்டும். பதினெட்டு மாதத்துக்குள் இருவரும் மறுபடி வந்து சொல்ல வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தக்க காரணம் இருந்தால் தள்ளுபடி செய்யலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2017-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அந்த ஆறு மாதம் என்பது என்ன? சர்க்கார் கொடுக்கும் இரண்டாம் வாய்ப்பு. ஆனால் அது இருவருக்கும் சேர்த்துக் கொடுப்பது. நடுவில் மனம் மாறினால் அவனும் பின்வாங்கலாம், அவளும் பின்வாங்கலாம். திரும்பிவந்து நிற்கும்போது நீதிபதி இரண்டு பேர் வாயிலிருந்தும் சம்மதம் கேட்கிறார். கற்பனை என்ற ஒரு துளிகூடக் கலக்காத சட்டப் புத்தகத்துக்கு இருக்கும் நியாயம், காதலையே தொழிலாகக் கொண்ட நமக்கு இல்லாமல் போயிற்றே!

முற்பிறவி ஞாபகத்தை ஒரு பெண்ணிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்றும் தமிழில் ஒருவர் எழுதிப் பார்த்திருக்கிறார். மணிபல்லவத்தில் புத்த பீடிகையைக் கண்டவுடன் மணிமேகலைக்குத் தன் பழம் பிறப்புத் தெரிந்துவிடுகிறது. தன்னைத் துரத்திக்கொண்டு வரும் உதயகுமாரன் போன பிறவியில் தன் கணவன் இராகுலன். பாம்பு விஷத்தால் மாண்டவன். இப்போது ஞாபகம் அவளிடம், ஆசை அவனிடம். அவள் அதைச் சொல்லி அவனை வளைக்கப் பார்க்கவில்லை. அதற்காக அவனுக்கு வளைந்து கொடுக்கவும் இல்லை. வேறோர் உருவில் ஒளிந்துகொண்டு பசித்தவர்களுக்குச் சோறு போடுகிறாள். அந்த உருவத்தாலேயே அவன் வெட்டுண்டு விழும்போது பழைய பாசம் அவளை உலுக்குகிறது. உடலருகே ஓடப் பார்க்கிறவளைத் தூணிலிருக்கும் பாவை தடுத்து நிறுத்துகிறது. மெல்லக் காந்தும் தீயை அணைத்தும் காட்டலாம், அணைத்த சூடு கையில் நிற்கும்படியும் எழுதலாம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

தமயந்திக்கு வருகிறேன். காட்டில் நளன் என்ன செய்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். சூதில் நாடு போயிற்று. பறவை ஒன்று அவன் கட்டியிருந்த துணியையும் கொண்டு போயிற்று. இருவருக்கும் ஒரே சேலை. அவள் தூங்கும்போது அதை இரண்டாக அரிந்து, தன் பங்கைச் சுற்றிக்கொண்டு, அவளை நடுக்காட்டில் விட்டுப் போகிறான். துணி நெய்யும் ஊரில் இருக்கும் எனக்கு இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் முதுகு சில்லிடும். மாமன்னன் கலியின் வசப்பட்டிருந்தான், அவன் குற்றம் அல்ல என்று சமாதானம் சொல்லுவார்கள். சரி. அவள் மலைப்பாம்பிடமும் வேடனிடமும் சிக்கி மீண்டதும் கலியின் குற்றமாகவே இருக்கட்டும்.

அவனுக்கு இரண்டாம் வாய்ப்பு எப்படி வந்தது? கடவுள் சீட்டுக் கொடுக்கவில்லை. கடிகாரம் பின்னால் போகவில்லை. தமயந்தி இரண்டாம் சுயம்வரம் என்று அயோத்திக்குச் செய்தி அனுப்பினாள். அதுவும் மறுநாளே என்று சொல்லி அனுப்பினாள். ஒரு பகலில் அவ்வளவு தூரம் தேரோட்டக்கூடியவன் உலகத்தில் ஒருவன்தான். பொறி வைத்தவள் அவள். சோதித்தவள் அவள். தேரின் ஒலியைக் கேட்டாள். சமையலை ருசி பார்த்தாள். குழந்தைகளை அனுப்பி, அவர்களைப் பார்த்து அவன் கண் கலங்குகிறதா என்று விசாரித்தாள். வந்தவன் யார் என்பது அவளுக்குத் தெரியும். எப்படிப்பட்டவன் என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அப்படி ஒரு பகல் முழுதும் குதிரையை விரட்டிக்கொண்டு வந்த நளன், நேருக்கு நேர் நின்றதும் கேட்டது மன்னிப்பு அல்ல. 'கணவன் இருக்க இன்னொரு சுயம்வரமா?' என்று அவளிடம் குறைப்பட்டுக்கொண்டான்! பாதிச் சேலையைக் கொண்டுபோனவன்! அவள் பதில் சொன்னாள். அவன் கேட்டான். அதற்குப் பிறகுதான் கார்க்கோடகன் கொடுத்த ஆடையை உடுத்திப் பழைய உருவம் பெற்றான். அந்தக் கேள்விக்கும் அந்தப் பதிலுக்கும் இடையில் அந்த அறையில் இருந்த காற்றை எழுதுவதற்கு முப்பது வாரம் போதாது. பத்திரிகை இளைஞருக்கு நான் இதைத்தான் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். அத்தியாயத்துக்கு இரண்டு க்ளூ இருக்குமா என்று மட்டும் கேட்டு மறுபடி எழுதியிருக்கிறார்.